கவுண்ட் குறையுது, ஆனா கால்ல ரத்தம் கட்டுது: எங்க சர்ஜிக்கல் ஐசியூ கேஸ் ஒண்ணு

ஏழாம் நாள் காலைல வந்த ரிப்போர்ட்ல பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு) 1,18,000ன்னு இருந்துச்சு, முந்தின நாள் 1,92,000, அதுக்கும் முந்தின நாள் 2,10,000. பாத்துட்டு செப்சிஸ் (உடம்பையே உலுக்குற கடும் தொற்று) இன்னும் அடங்கல போலன்னு நினைச்சு, ரத்தம் கசிஞ்சுடக் கூடாதேன்னு, ரத்தம் உறையாம இருக்கப் போடற ஹெப்பாரின் ஊசியை மட்டும் நிறுத்தச் சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு நிமிஷம்கூட நிக்கல. ஹெப்பாரினாலயே பிளேட்லெட் குறையுற வியாதி வந்த இந்தக் கேஸை உக்காந்து முழுசா எழுதணும்னு தோணுனதுக்கு அந்த ரெண்டு நிமிஷம்தான் காரணம்.

பேஷன்ட் 48 வயசு அம்மா, 52 கிலோ, மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை கிராமம். கடல்ல முங்கி பாசி எடுக்கிறவங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு குடும்ப விவரம் சிலதை மாத்தியிருக்கேன்.) பாறையில கை கிழியாம இருக்க விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, இடுப்புல சாக்கைக் கட்டிக்கிட்டு மணிக்கணக்கா உப்புத்தண்ணிக்குள்ளயே கிடக்கிற வேலை, வீட்டுக்கு வந்தா முட்டியும் இடுப்பும் கழண்டு போற மாதிரி வலிக்கும், அதுக்கு மெடிக்கல்ல சொல்லி டைக்ளோஃபெனாக் வாங்கி வெறும் வயித்துல போடறது வருஷக்கணக்கா பழக்கம். ஒருநாள் விடியக்காலைல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு விழுந்திருக்காங்க, மதியம் வரைக்கும் வாயுன்னு ஓமத்தண்ணி குடுத்திருக்காங்க, எங்ககிட்ட வரும்போது ராத்திரி 8 மணி, வயிறு பலகை மாதிரி இறுகி பிரஷர் 80க்குக் கீழ. எக்ஸ்ரேல உதரவிதானத்துக்குக் கீழ காத்து. டியோடினத்துல (சிறுகுடலோட தொடக்கத்துல) அல்சர் ஓட்டை. அன்னைக்கு ராத்திரியே வயித்தைத் திறந்து கழுவி, ஓமென்டம் (வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்புத் திரை) வச்சு ஓட்டையை அடைச்சு, வென்டிலேட்டரோட ஐசியூக்கு வந்தாங்க. பிரஷரைத் தூக்கிப் பிடிக்க நார் அட்ரினலின் ஓடுச்சு, கழுத்துச் சிரையில சென்ட்ரல் லைன், மணிக்கட்டுத் தமனியில பிரஷர் பாக்க ஆர்ட்டீரியல் லைன், கிட்னி நிலையைக் காட்டுற கிரியேட்டினின் 2.1.

மறுநாள் காலைல ஹெப்பாரின் 5000 யூனிட் தோலுக்கடியில 12 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு ஆரம்பிச்சோம். கிட்னி சரியில்லாததால எனாக்சபாரின் (ஹெப்பாரின்லயே சின்ன மூலக்கூறு வகை) வேணாம்னு சாதா ஹெப்பாரின். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, படுத்தே கிடக்கிற செப்சிஸ் பேஷன்ட்டுக்குக் கால்ல ரத்தம் உறையாம இருக்கக் குடுத்தே ஆகணும். அந்த முதல் டோஸ் போட்ட நாளை பூஜ்யம்னு வச்சுக்கோங்க, இனி நான் சொல்ற நாள் எல்லாம் அதுல இருந்து எண்ணுனது. இந்த வியாதில நாளை எண்ணத் தெரிஞ்சாலே பாதி டயக்னோசிஸ் முடிஞ்சிரும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி பிளேட்லெட் 2,86,000. ஒண்ணாம் நாள் 1,58,000, மூணாம் நாள் 1,74,000, அஞ்சாம் நாள் 2,10,000. பெரிய ஆபரேஷனும் செப்சிஸும் சேர்ந்தா முதல் ரெண்டு மூணு நாள் கவுண்ட் இறங்கத்தான் செய்யும், உடம்பு தேற ஆரம்பிச்சதும் தானா ஏறும், இவங்களுக்கும் அப்படியே ஏறுச்சு. நாலாம் நாள் டியூப் எடுத்தாச்சு, அஞ்சாம் நாள் நார் அட்ரினலின் நிறுத்தியாச்சு, கிரியேட்டினின் 1.0க்கு வந்துச்சு, காய்ச்சல் இல்ல, மகன்கிட்ட பேசுறாங்க, கஞ்சி கேக்குறாங்க. ஆள் நல்லா தேறிக்கிட்டு வரும்போது, ஏறின கவுண்ட் மறுபடி விழுதுன்னா அதுக்கு செப்சிஸ் மேல பழியப் போடக்கூடாது. செப்சிஸ்னா ஆளும் கூடவே சரியணும்ல. ஏழாம் நாள் காலைல நான் பாக்கத் தவறினது இதைத்தான்.

இன்னொண்ணும் இருந்துச்சு, அதுதான் இன்னமும் மனசைக் குத்துது. ஆறாம் நாள் ராத்திரி டியூட்டி சிஸ்டர் நோட்ஸ்ல தெளிவா எழுதியிருந்தாங்க, 'தொப்புளுக்கு இடது பக்கம் ஊசி போட்ட இடம் ரெண்டு கருத்திருக்கு, தொட்டா வலிக்குதுன்னு சொல்றாங்க'ன்னு. ஹெப்பாரின் போட்ட இடத்துல ரத்தம் கன்னி நீலமாகறது தினமும் பாக்கறதுதானேன்னு யாரும் துணியை விலக்கிப் பாக்கல. எட்டாம் நாள் நானே விலக்கிப் பாத்தேன். அது ரத்தக்கட்டு நீலம் இல்ல. எட்டணா காசு அகலத்துக்கு ரெண்டு இடம், நடுவுல தோல் கருகி செத்திருக்கு, சுத்தி செவந்து தடிச்ச வளையம், அழுத்துனா கல்லு மாதிரி கெட்டி. சாதா ரத்தக்கட்டு தொட்டா மெத்துன்னு இருக்கும், நாளாக நாளாக பச்சையா மஞ்சளா கலையும், விளிம்பு இப்படி வெட்டுன மாதிரி நிக்காது.

எட்டாம் நாள் காலைல கவுண்ட் 74,000. கழுவிவிடும்போது சிஸ்டர் கூப்பிட்டாங்க, "சார், இடது கால் கனத்துப்போய் இருக்கு, பாருங்க"ன்னு. டேப் வச்சு அளந்தா இடது கெண்டைக்கால் வலதை விட 4 செ.மீ. அதிகம். படுக்கைகிட்டயே அல்ட்ராசவுண்ட் வச்சு அழுத்திப் பாத்தேன். நல்ல சிரை புரோபை லேசா அழுத்துனாலே தட்டையா ஒட்டிக்கும். இவங்களுக்கு இடுப்பு மடிப்புல இருந்து முட்டிக்குப் பின்னாடி வரைக்கும் ஒட்டவே இல்ல, உள்ள சாம்பல் கலர்ல அடைச்சு நிக்குது. பிளேட்லெட் முக்கா லட்சத்துக்கு இறங்கின ஆளுக்கு, தொடையில கை விரல் தண்டி ரத்தக்கட்டி.

அப்பத்தான் உக்காந்து, ஹெப்பாரினால வந்ததா இருக்குமான்னு அளக்கிற 4டி ஸ்கோர் போட்டேன். நாலு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க், மொத்தம் 8. கவுண்ட் எவ்வளவு விழுந்திருக்கு: ஹெப்பாரின் ஆரம்பிச்சப்புறம் இருந்த உச்சம் 2,10,000, அதுல இருந்து 74,000ன்னா 65 சதவீதம், 2 மார்க். எந்த நாள் விழுந்துச்சு: அஞ்சுல இருந்து பத்து நாளுக்குள்ள, 2. புதுசா ரத்தக்கட்டியோ ஊசி இடத்துல தோல் சாவோ இருக்கா: ரெண்டுமே இருக்கு, 2. வேற காரணம் இருக்கலாமா: செப்சிஸை முழுசா தள்ள முடியாது, கவுண்டைக் குறைக்கக்கூடிய பிப்பராசிலின் ஆன்டிபயாடிக் வேற ஓடுது, அதனால 1. ஆக 7, ரொம்ப வலுவான சந்தேகம். சரி, ஏழாம் நாளே போட்டிருந்தா? அன்னைக்கு விழுந்தது 44 சதவீதம், அதுக்கு 1, நாளுக்கு 2, வேற காரணத்துக்கு 1, அதுவே 4. சிஸ்டர் எழுதுனதைப் படிச்சுட்டுத் துணியை விலக்கிப் பாத்திருந்தா இன்னும் 2 சேர்ந்து 6. ஒரு நாள் முன்னாடியே கண்ணுக்கு முன்னால இருந்துச்சு.

ஹெப்பாரினால வர்ற பிளேட்லெட் குறைவு, நாங்க ஹிட்னு சுருக்கமா சொல்றது. ரத்தம் உறையக்கூடாதுன்னு குடுக்கிற மருந்தே ரத்தத்தை உறைய வைக்கிற வியாதி. பிளேட்லெட் வெளிய விடுற பிஎஃப்4ங்கிற புரதத்தோட ஹெப்பாரின் போய் ஒட்டுது, ஒட்டுனதும் அந்தப் புரதம் உருவம் மாறுது, உடம்பு இது யாரோ வேத்தாள்னு ஆன்டிபாடி தயார் பண்ணுது, அந்த ஆன்டிபாடியோட வால் பக்கம் பக்கத்துல இருக்கிற பிளேட்லெட்டையே பிடிச்சு உசுப்பி விடுது, உசுப்புன பிளேட்லெட் இன்னும் பிஎஃப்4 விடுது, ரத்தத்தை உறைய வைக்கிற த்ராம்பின் கிடுகிடுன்னு உருவாகுது. ஆன்டிபாடி தயாராக அஞ்சு நாளாவது வேணும், அதான் நாள் கணக்கு. (கடைசி 30 நாளுக்குள்ள ஹெப்பாரின் வாங்கியிருந்தா ஆன்டிபாடி ஏற்கனவே ரெடியா இருக்கும், அப்ப முதல் நாளே விழும், அதனால ஆஞ்சியோ, டயாலிசிஸ் ஏதும் பண்ணீங்களான்னு கேட்டே ஆகணும். இவங்களுக்கு அப்படி ஏதும் இல்ல.) பெரிய ஆபரேஷன் முடிஞ்சு சாதா ஹெப்பாரின் ஒரு வாரத்துக்கு வாங்குறவங்கள்ல 100க்கு 1ல இருந்து 5 பேருக்கு வரும், ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகம், எனாக்சபாரின்ல ரொம்பக் குறைவு ஆனா வராதுன்னு இல்ல.

மத்த காரணங்களையும் தேடாம இல்ல. ரத்தம் உறையற நேரத்தைப் பாக்கிற ஐஎன்ஆர் 1.3, ஏபிடிடி 34 செகண்ட், உறைய வைக்கிற புரதமான ஃபைப்ரினோஜன் 410, ஸ்மியர்ல உடைஞ்ச சிவப்பணு இல்ல. டிஐசியா (உடம்பு முழுக்க ரத்தம் தாறுமாறா உறைஞ்சு, உறைய வைக்கிற புரதம் தீர்ந்து போறது) இருந்திருந்தா ஃபைப்ரினோஜன் கரைஞ்சு ஐஎன்ஆர் ஏறியிருக்கணும். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், மலேரியா ஸ்மியர் நெகட்டிவ். நம்ம பக்கம் ரத்தம் உறையறதுல கோளாறுன்னாலே கைப்பழக்கமா பண்றது 20 நிமிஷ டெஸ்ட், காஞ்ச சுத்தமான கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தத்தை ஆடாம வச்சு 20 நிமிஷம் கழிச்சு சாய்க்கிறது, சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் கடிச்சு வர்ற ஊர்ல அது கை போற போக்குல நடக்கும். ஜூனியர் டாக்டர் இவங்களுக்கும் வச்சிருந்தார், கெட்டியா உறைஞ்சு நின்னுச்சு. உறையறதுக்குக் குறை இல்ல, அதிகமாத்தான் உறையுது.

இதுக்கு நடுவுல ஐசியூ வாசல்ல வேற ஒண்ணு நடந்துக்கிட்டிருந்துச்சு. கவுண்ட் 74,000ன்னு யாரோ மகன்கிட்ட சொல்லிட்டாங்க. டெங்கு வந்து வந்து நம்ம மக்கள் எல்லாருக்கும் பிளேட்லெட் கணக்கு மனப்பாடம், கவுண்ட் இறங்குனா ஏத்தணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மணி நேரத்துல பாம்பன், தங்கச்சிமடத்துல இருந்து வேன் எடுத்துக்கிட்டு பதினோரு பசங்க வந்து நிக்கிறாங்க, படகுல போற பசங்க, சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு. அந்த அம்மாவோட தம்பி தூக்குவாளில பப்பாளி இலைச் சாறு கொண்டாந்திருக்கார். "சார், எங்க அக்காவுக்கு எவ்வளவு தட்டணு வேணும்னு சொல்லுங்க, பசங்க போதாதுன்னா இன்னும் ஒரு வேன் வரச் சொல்றேன்"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். அவ்வளவு பாசமா வந்தவங்களை வேணாம்னு திருப்பி அனுப்பறது இருக்கே, ஊசி போடறதை விடக் கஷ்டம்.

நான் அவர்கிட்ட சொன்னது இதுதான். "அண்ணே, கரைவலை இழுக்கிறப்ப ஊருக்குள்ள போனா தெருவுல ஆளே இருக்காது, அதுக்காக ஊர்ல ஜனமே இல்லன்னு சொல்லுவீங்களா, எல்லாரும் வலை கிட்ட நிப்பாங்க. அக்காவோட தட்டணு செத்துப் போகல, கால்ல இருக்கிற கட்டியில போய் ஒண்ணா நிக்குது. இப்ப நான் வெளிய இருந்து இன்னும் ஏத்துனா அதுவும் அங்கதான் போய் நிக்கும், கட்டி பெருசாகும்." அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் "அப்ப இது டெங்கு மாதிரி இல்லயா"ன்னார். இல்லண்ணே, நேர் எதிர்னு சொன்னேன். எங்க டாக்டர்கள்லயே நிறைய பேருக்கு இது மனசுல உக்காரறதில்ல, 50,000க்குக் கீழ போயிருமோன்னு பயத்துல ஒரு பாட்டில் ஏத்திடுறாங்க. ஹிட்ல உயிர் போற மாதிரி ரத்தம் கொட்டுனாலோ, உடனே பெரிய புரொசீஜர் பண்ணியாகணும்னாலோ தவிர பிளேட்லெட் ஏத்தறதில்ல. இந்த வியாதில கவுண்ட் பொதுவா 20,000க்குக் கீழ போறதும் அபூர்வம்.

ஹெப்பாரினை நிறுத்துனா மட்டும் போதாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் அடுத்த முடிவு எடுத்தோம். நிறுத்திட்டுச் சும்மா இருந்தா, கட்டி இன்னும் வராத ஆளா இருந்தாக்கூட அடுத்த ஒரு மாசத்துல பாதிப் பேர் வரைக்கும் எங்கயாவது ரத்தம் கட்டிரும், ஏன்னா ஆன்டிபாடி வேலையை நிறுத்தல. ஏழாம் நாள் நான் பண்ணது இந்த அரைகுறை வேலை. ஹெப்பாரின் இல்லாத வேற உறைவு எதிர்ப்பு மருந்து முழு டோஸ்ல ஆரம்பிக்கணும், எனாக்சபாரினுக்கு மாத்தக்கூடாது, அதுவும் அதே ஆன்டிபாடிகிட்ட மாட்டும். அர்கட்ரோபான், பைவாலிருடின் சொட்டு மருந்தா ஓடும், நிறுத்துனா சீக்கிரம் இறங்கிரும், நிலை தடுமாறுற ஐசியூ பேஷன்ட்டுக்கு அதுதான் முதல் தேர்வு. எங்ககிட்ட ரெண்டும் ஸ்டாக் இல்ல, மதுரைல இருந்து வரணும். ஆனா ஃபான்டபாரினக்ஸ் இருந்துச்சு, ஹார்ட் அட்டாக்குக்குப் போடற 2.5 மி.கி. சிரிஞ்ச். 50ல இருந்து 100 கிலோ வரைக்கும் ஒரு நாளைக்கு 7.5 மி.கி., அதாவது மூணு சிரிஞ்ச். கிட்னி வழியாத்தான் வெளிய போகும், கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30க்குக் கீழன்னா தொடவே கூடாது, இவங்களுக்குக் கணக்குப் போட்டா 56. பிரஷரை ஏத்துற மருந்து நின்னு மூணு நாள் ஆச்சு. பயம் என்னன்னா ஆபரேஷன் ஆகி ஒம்பது நாள்தான், அல்சர் வேற, மருந்து உள்ள போனா 17லிருந்து 21 மணி நேரம் பாதி உடம்புல நிக்கும், மாத்து மருந்து கிடையாது. சர்ஜன் வந்து பாத்தார், டிரெயின்ல தெளிஞ்ச தண்ணிதான், அதை எடுத்துட்டு, மதுரைல ஒரு ஹெமட்டாலஜி டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டு, மதியம் 12 மணிக்கு முதல் டோஸ் போட்டோம். மதுரைக்கே அனுப்பிரலாமான்னும் பேசுனோம், 110 கிலோமீட்டருக்கு மேல, அங்க போனாலும் இதே மருந்துதான்னு இங்கயே வச்சுக்கிட்டோம்.

பிஎஃப்4 ஆன்டிபாடி டெஸ்ட் மதுரைல எடுத்துக்கறதா சொன்னாங்க. மகன் ஐஸ் கம்பெனில இருந்து புது தெர்மாகோல் பெட்டில ஐஸ் வாங்கிக்கிட்டு வந்து, சீரத்தை மடியில வச்சுக்கிட்டே பஸ்ல போனான். ரிசல்ட் மூணு நாள் கழிச்சு வந்துச்சு. அதுக்காகக் காத்திருக்கல, காத்திருக்கவும் கூடாது.

ஒருத்தர், உறைவு எதிர்ப்பு மாத்திரையான வார்ஃபரின் ஆரம்பிச்சிரலாமே, விலையும் கம்மின்னு கேட்டார். கேள்வி நியாயம்தான், ஆனா இந்த நேரத்துல அது விஷம். வார்ஃபரின் முதல்ல காலி பண்றது புரோட்டீன் சியை, அது உறைவைத் தடுக்கிற புரதம், சில மணி நேரத்துல இறங்கிரும், உறைய வைக்கிற புரோத்ராம்பின் இறங்க நாள் கணக்காகும். அந்த இடைவெளில நாடித்துடிப்பு நல்லா இருக்கும்போதே கால் விரல் கருத்து அழுகுறது உண்டு. கவுண்ட் ஒன்றரை லட்சம் தாண்டுற வரைக்கும் வார்ஃபரின் கிட்டயே போகக்கூடாது, ஏற்கனவே போட்டிருந்தா வைட்டமின் கே குடுத்துத் திருப்பணும்.

ஒம்பதாம் நாள் கவுண்ட் 61,000. இன்னும் இறங்குதேன்னு மனசு உறுத்துச்சு, ஆனா மருந்து போட்டு ஒரு நாள்தானேன்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். ராத்திரி 10 மணிக்கு மேல திடீர்னு மூச்சு வாங்குது, நாடி 124, ஆக்சிஜன் 91. எக்கோல வலது இதயம் சரியாத்தான் இருந்துச்சு, சிடி எடுத்துரலாம்னு ஷிஃப்ட் பண்ணத் தயாரானோம். ஆர்ட்டீரியல் லைன் அடைக்காம இருக்க ஓடுற பிரஷர் பேகை ஸ்டாண்டுல இருந்து கழட்டுன சிஸ்டர், பேகைக் கையில வச்சுக்கிட்டே அப்படியே நின்னுட்டாங்க. "சார், இதுலயும் ஹெப்பாரின்தானே இருக்கு?"

500 மில்லி சலைன் பை, மேல ஒட்டுன வெள்ளை பிளாஸ்டர்ல மார்க்கர்ல 'ஹெப் 1000'னு எழுதியிருக்கு, எழுத்து ஈரத்துல பாதி அழிஞ்சிருக்கு, 300 மி.மீ. அழுத்தத்துல காத்தடிச்ச நீலத் துணி உறை முக்காவாசியை மறைக்குது. மில்லிக்கு 2 யூனிட், மணிக்கு 3 மில்லி, ஒரு நாளைக்கு 144 யூனிட். கேஸ் ஷீட்ல சிவப்பு மையில 'ஹெப்பாரின் கிடையாது'ன்னு பெருசா எழுதி 35 மணி நேரம் ஆகியும், சொட்டுச் சொட்டா உள்ள போய்க்கிட்டே இருந்திருக்கு. மருந்துச் சீட்டுல இது மருந்தா எழுதப்படறதே இல்ல, லைன் போடும்போது கூடவே வர்ற சாமான் மாதிரி. ரத்த சாம்பிள் எடுக்க சவுகரியமா இருக்குன்னுதான் அந்த லைனையே விட்டு வச்சிருந்தோம், நார் அட்ரினலின் நின்ன அன்னைக்கே எடுத்திருக்கணும்.

அங்கயே லைனை எடுத்து 15 நிமிஷம் அழுத்திப் பிடிச்சோம். சிடில வலது நுரையீரல் கீழ்ப் பகுதில ஒரு கிளைக்குழாய் அடைப்பு. அந்த 144 யூனிட்டாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, தொடையில இருந்த கட்டி முன்னாடியே உடைஞ்சு போயிருக்கலாம். ஆனா இந்த ஆன்டிபாடிக்கு 10,000 யூனிட்டும் ஒண்ணுதான், நூத்திச் சொச்சமும் ஒண்ணுதான், தீ அணையாம இருக்க அது போதும். மறுநாள் காலைல மகன்கிட்டயும் தம்பிகிட்டயும் நடந்ததை அப்படியே சொன்னேன், பையில இருந்தது எங்க கவனக்குறைவுன்னும் சொன்னேன். தம்பி ஒரு வார்த்தை திட்டல. "இப்ப நிறுத்தியாச்சுல்ல சார்?"ன்னு மட்டும் கேட்டார்.

சென்ட்ரல் லைனையும் எடுத்தோம், கழுத்து, கைச் சிரைகளையும் அல்ட்ராசவுண்ட்ல பாத்தோம், அங்க கட்டி இல்ல. டயாலிசிஸ் கேதீட்டரை ஹெப்பாரின்ல பூட்டறது, கானுலா ஃபிளஷ், ஹெப்பாரின் பூசுன சில கேதீட்டர்கள்னு ஒளிஞ்சிருக்கிற இடம் நிறைய, படுக்கையில தலைமாட்டுல இருந்து கால்மாட்டு வரைக்கும் ஒவ்வொரு குழாயா கையால தொட்டுக்கிட்டே போய்த் தேடணும். ஃபான்டபாரினக்ஸ் அதே டோஸ்ல தொடர்ந்தோம், தினமும் ஹீமோகுளோபின், மலத்தோட கலர், காயத்துல கசிவு பாத்தோம். பத்தாம் நாள் 66,000, பதினொண்ணு 83,000, பதிமூணு 1,26,000, பதினஞ்சாம் நாள் 1,71,000. பதினொண்ணாம் நாள் மதியம் ஆன்டிபாடி ரிசல்ட் வந்துச்சு, ஓடி (ஆன்டிபாடி எவ்வளவு வலுவா இருக்குன்னு காட்டுற அளவு) 2.4, 0.4 தாண்டுனாலே பாசிட்டிவ், 2க்கு மேலன்னா சந்தேகத்துக்கு இடமே இல்லாத மாதிரி.

பதினஞ்சாம் நாள் உறைவு எதிர்ப்பு மாத்திரையான அபிக்சபான் 5 மி.கி. ரெண்டு வேளைக்கு மாத்தினோம், ஏழு நாள் முழு டோஸ் ஊசி முடிஞ்சிருந்ததால தொடக்கத்துல குடுக்கிற 10 மி.கி. தேவைப்படல. அல்சர்காரங்களுக்கு அது ரிவரோக்சபானை விட குடல்ல ரத்தம் கசியறது கம்மி, வார்ஃபரின்னா ஐஎன்ஆர் பாக்க வாராவாரம் பஸ் ஏறணும், ஒரு நாள் பாசிக்கூலி போயிரும். கூடவே அல்சருக்கு பான்டோப்ரசோல். வலி மாத்திரையைப் பத்தி அந்த அம்மாகிட்ட தனியா உக்காந்து பேசுனேன், முட்டி வலிச்சா பாராசிட்டமால் மட்டும், மெடிக்கல்ல வேற எது குடுத்தாலும் வாங்காதீங்கம்மான்னு. "வலிக்கு வேற வழி சொல்லுங்க சார், வேலையை விடச் சொல்லாதீங்க"ன்னாங்க. பிசியோதெரபி டாக்டர்கிட்ட அனுப்புனேன், அதுக்கு மேல என்கிட்ட நல்ல பதில் இல்ல.

எங்க ஐசியூல இப்ப ஆர்ட்டீரியல் லைனுக்கு வெறும் சலைன்தான், அதுலயே லைன் நல்லா ஓடுது. ஹெப்பாரின் வாங்குற ஆபரேஷன் பேஷன்ட்டுக்கு நாலாம் நாள்ல இருந்து பதினாலாம் நாள் வரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளேட்லெட் பாக்கறோம், நம்பரா எழுதாம கட்டில் தலைமாட்டுல கிராஃபா போடறோம், ஏன்னா 1,18,000ங்கிற நம்பர் தனியா பாத்தா பயமுறுத்தாது, 2,10,000ல இருந்து சரியுற கோடா பாத்தாத்தான் கண்ணுல படும். காலைல ரவுண்ட்ஸ்ல ராத்திரி சிஸ்டர் நோட்ஸை நான் சத்தமா வாசிச்சுட்டுத்தான் பேஷன்ட்டைத் தொடறேன்.

மூணு மாசம் கழிச்சு ரிவ்யூக்கு வந்தாங்க. கால் வீக்கம் 1 செ.மீ. வித்தியாசம், மூச்சு சரியா இருக்கு, கவுண்ட் 2,64,000. அபிக்சபானை நிறுத்தினோம். ஆன்டிபாடி இந்த நேரத்துக்குள்ள பெரும்பாலும் மறைஞ்சிரும், ஆனாலும் இனி ஹெப்பாரின் வேணாம்னு டிஸ்சார்ஜ்ல ஒரு அட்டை குடுத்திருந்தோம், 'இவருக்கு ஹெப்பாரின் எந்த வடிவிலும் போடக்கூடாது, குழாய் கழுவும் தண்ணியில்கூட'ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். அட்டையைக் கேட்டேன். ரேஷன் கார்டோட சேத்து ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, வாயை மெழுகுவர்த்தில சுட்டு ஒட்டியிருந்தாங்க. "தண்ணி பட்டுரும்ல சார்"ன்னாங்க. அப்ப கடலுக்குப் போக ஆரம்பிச்சிட்டீங்களான்னு கேட்டேன், முழங்கால் அளவு தண்ணியில நின்னு கஞ்சிப்பாசி மட்டும் எடுக்கிறதா சொன்னாங்க.